பத்துக் குதிரைவீரரை வென்றவர் ஏன் லெவல் 1-இல் நிற்கிறார்?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்து நண்பர்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிகளை வைத்து, 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியில் நடக்கும் கதை ஒன்றை டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஆடுகிறோம். கதை நடத்துவது நான். ஒரு தம்பி தன் பாத்திரத்துக்கு நாலு பக்கம் முன்கதை எழுதியிருக்கிறான்: சிலம்ப ஆசான், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பியபோது கூட நின்றவர், தனியாளாகப் பத்துக் குதிரைவீரரை வீழ்த்தியவர், பொதிகை மூலிகை அறிந்தவர். முதல் சண்டையில் கம்பு மூன்று முறை தவறியதும் பேசுவதையே நிறுத்திவிட்டான். எண்களைக் கூட்டிக் கொடுப்பதா, கதையை வெட்டச் சொல்வதா?

பதில்: எண்களில் கை வைக்காதீர்கள். மற்றவர்களும் அதே புள்ளிகளைச் செலவழித்துத்தான் தங்கள் பாத்திரங்களைச் செய்திருக்கிறார்கள். நன்றாக எழுதுகிறவனுக்குக் கூடுதல் பலம் என்று ஆகிவிட்டால், எழுத வராதவர்கள் மெல்லக் கழன்றுவிடுவார்கள்.

லெவல் 1, அதாவது தொடக்க நிலையில் இருக்கும் ஃபைட்டர் (சண்டை வீரர் வகைப் பாத்திரம்), தாக்கும்போது டைஸில் விழும் எண்ணோடு பெரும்பாலும் 5 கூட்டிக்கொள்வார். எதிரியின் கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 என்றால் இருபது பக்க டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது வீச்சில் சராசரியாக ஒன்பது வீணாகும். இந்தக் கணக்கைத் தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தால் பாதி ஏமாற்றம் குறைந்திருக்கும்.

இனி கதைக்கு வருவோம். மூலிகைக்குச் சிக்கலே இல்லை. 2014 விதிகளில் பின்னணியை நாமே அமைக்கலாம்: இரண்டு திறமைகள், கூடவே இரண்டு கருவிப் பயிற்சிகள் அல்லது மொழிகள். மருத்துவத் திறமையும் மூலிகைப் பெட்டிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டால் முடிந்தது. ஆசான் என்பதும் இருக்கட்டும். ஊர்க் களத்தில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுத்தவர், துப்பாக்கிக்கு எதிரே இதுவரை நின்றதில்லை. கம்பு தவறுவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

பத்துக் குதிரைவீரர்தான் இடிக்கிறது. விதி எண்ணால் அளக்கும் வீரத்தைக் கடந்த காலத்தில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைத் தூக்கி எதிர்காலத்தில் வையுங்கள். ஊமைத்துரை தப்பியது 1801 பிப்ரவரியில், திரும்பக் கட்டிய கோட்டை விழுந்தது மே மாதம். அதற்குள் தம்பி லெவல் 5-க்கு வந்துவிட்டால், ஃபைட்டருக்கு ஒரே முறையில் இரண்டு தாக்குதல் கிடைக்கும். குதிரைவீரர்கள் அப்போது வரட்டும். எல்லாரும் பார்க்க டைஸ் உருட்டி அவன் ஜெயிக்கட்டும். அதுவரை அது வெறும் ஊர்ப்பேச்சு. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் ஒரு அடியைப் பத்து அடியாக்கிப் பாடுவதுபோல யாரோ ஊதிவிட்டார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு கிராமமே உதவி கேட்டு வந்து நிற்கட்டும். கம்பெனிப் படையின் ஒற்றனும் அதையே நம்பித் தேடி வரட்டும்.

நாலு பக்கத்தில் உண்மையான புதையல் சிறைச் சம்பவம்தான். அதில் எண்ணே இல்லை, மனிதர்கள் மட்டும்தான். கதவைத் திறந்தது யார், அவருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, உள்ளே விடுபட்டவர் யார்? அந்த வாக்கை உங்கள் குழுவின் இன்னொரு பாத்திரத்தோடு முடிச்சுப் போடுங்கள். அப்போது ஒருவனின் முன்கதை எல்லாருக்கும் வேலை கொடுக்கும்.

ஃபேட் என்ற விளையாட்டில், பாத்திரத்தின் கடந்த காலம் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டால் ஆடுபவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். உங்கள் விதிகளில் அதற்கு நெருக்கமானது இன்ஸ்பிரேஷன். பழைய கடனுக்காகத் தம்பி ஒரு நல்ல வாய்ப்பை விட்டுக்கொடுத்தால் உடனே அதைக் கொடுங்கள். ஒரு வீச்சுக்கு இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். முன்கதைக்கும் மதிப்பு கிடைக்கிறது, யாருக்கும் நிரந்தர எண் கூடவில்லை.

அப்புறம், டிஸ்கார்டில் தட்டச்சு செய்து ஆடுவதால் ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். 'ஒரே அடியில் சாய்த்தார்' என்று எழுதிவிட்டு டைஸ் உருட்டக் கூடாது. முயற்சியை எழுதி, டைஸ் உருட்டும் தானியங்கி நிரலை (bot) அதே சேனலில் ஓடவிட்டு, முடிவைப் பார்த்த பிறகே மீதியை எழுத வேண்டும்.

எல்லாருக்குமே பழுத்த வீரர்களாக ஆட ஆசை என்றால் சரி, குழு முழுவதையும் லெவல் 5-இல் தொடங்குங்கள். ஒருவருக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, சிறைக்குள் விட்டுவந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். அந்த ஆளையே அடுத்த ஆட்டத்தில் உயிரோடு கொண்டுவந்து நிறுத்துங்கள்.