ஆர்ட்டிஸ்ட் பிளஃப் மேலே அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். கொலம்பஸ் டே விடுமுறையில் நியூ ஹாம்ப்ஷயர் போய், ஆர்ட்டிஸ்ட் பிளஃப் பாறையிலிருந்து இலைகள் நிறம் மாறியிருப்பதை அவர்களுக்குக் காட்ட ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மலையேற பர்மிட், மீட்பு இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 'கலர் கேரண்டி'யுடன் பேக்கேஜ் தருவதாக ஒரு டூர் ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆர்ட்டிஸ்ட் பிளஃப் ஏறுவதற்கு பர்மிட் என்று எதுவுமே கிடையாது. அது ஃபிராங்கோனியா நாட்ச் மாநிலப் பூங்காவில் இருக்கும் ஒரு சின்னப் பாதை. பக்கத்திலேயே இருக்கும் பால்ட் மவுண்டனையும் சேர்த்துச் சுற்றி வந்தால் ஒன்றரை மைல்தான். காசு வாங்குவது அதே பூங்காவில் இருக்கும் ஃப்ளூம் பள்ளத்தாக்குக்கு. 

'கலர் கேரண்டி'யை யாராலும் தர முடியாது. இரவு நீளும்போது இலையில் பச்சையம் சிதைகிறது, உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச் மரம் மஞ்சளாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்போ அந்தச் சமயத்தில் இலை புதிதாகத் தயாரிப்பது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவு குளிரும் இருந்தால் சிவப்பு எடுப்பாக வரும். ஓர் இரவு பலத்த காற்றும் மழையும் வந்தால் பாதி இலை தரையில் கிடக்கும். இணையத்தில் வரும் நிற வரைபடங்களும் கணிப்புதான். உயரத்தில் முதலில் மாறும், பள்ளத்தில் பிறகு மாறும் என்பதை ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசும் வரைபடம் எப்படிக் காட்டும்? ஃபிராங்கோனியா பக்கம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் நிறம் உச்சத்தில் இருக்கும். கொலம்பஸ் டே அக்டோபரின் இரண்டாவது திங்கள் என்பதால், அதற்குள் மேலே உதிரத் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் ஊர் மொத்தமும் அந்த மூன்று நாளில்தான் வந்து குவிகிறது. விளம்பரம் செய்து ஆளை வரவழைக்கத் தெரிகிறது, வந்தவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்று யோசிக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. முடிந்தால் அதற்கு முந்தைய வாரம், செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாளில், காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். பார்க்கிங் நிறைந்திருந்தால் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தாதீர்கள். அபராதம் வரும், வண்டியை இழுத்தும் போவார்கள்.

அடுத்தது 'மீட்பு இன்ஷூரன்ஸ்'. பெரும்பாலும் அவர் சொல்வது 'ஹைக் சேஃப்' கார்டாக இருக்கும். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் உங்கள் கவனக்குறைவால் மலையில் மாட்டிக்கொண்டு மீட்புக் குழு வந்தால், அந்தச் செலவை மாநிலம் உங்களிடமே கேட்கலாம். இந்த கார்டு இருந்தால் கேட்காது. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் தளத்தில் நீங்களே வாங்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. சரி, குடும்ப கார்டு எடுத்தால் போதுமே என்று நினைப்பீர்கள். போதாது! அங்கே குடும்பம் என்றால் கார்டு வாங்குபவர், அவருடைய துணை, 18 வயது ஆகாத பிள்ளைகள், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாலும், நீங்களே செலவு செய்து அழைத்து வந்திருந்தாலும் அப்பா அம்மா அதில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனி கார்டு வேண்டும். நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். அப்புறம், இது இன்ஷூரன்ஸே இல்லை. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிச் செலவு எதையும் தராது. அதற்கு அவர்களுடைய விசிட்டர் இன்ஷூரன்ஸைத்தான் பார்க்க வேண்டும். ஆபத்து தெரிந்தும் விபரீதமாக நடந்துகொண்டால் கார்டும் காப்பாற்றாது.

இனி அம்மா. தூரம் குறைவு என்று சொல்லி அவர்களை ஏற்றிவிடாதீர்கள். கிழக்குப் பக்கத்துப் பாதை கல்லும் பாறையுமாகச் செங்குத்தாக ஏறும், முழங்காலுக்கு ஆகாது. மேற்குப் பக்கம் கொஞ்சம் சாய்வு. இலையுதிர் காலத்தில் பெரிய ஆபத்தே அந்த அழகான இலைதான். மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்திருந்தாலும் மேல் இலை மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், அடி இலை ஈரமாகக் கருங்கல்லில் ஒட்டிக்கிடக்கும். கால் வைத்தால் விளக்கெண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். வேரும் கல்லிடுக்கும் அதற்குள் மறைந்திருக்கும். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான், முழங்கால் வலி கூடுவதும் அப்போதுதான். செருப்பு, வழவழப்பான அடிப்பாகமுள்ள ஷூ வேண்டவே வேண்டாம்.

அப்பாவால் நடக்க முடியுமென்றால் நீங்களும் அவரும் மேற்குப் பக்கமாக ஏறுங்கள். அம்மாவும் துணைக்கு ஒருவரும் கீழே எக்கோ ஏரிக்கரையில் உட்காரட்டும். மேலே பாறையிலிருந்து நீங்கள் பார்க்கப்போவதும் அந்த ஏரியையும் கேனன் மலையையும்தான். கரையிலிருந்தே மலை நன்றாகத் தெரியும்.

அதைவிட நல்லது, மறுநாள் லிங்கனிலிருந்து கான்வே வரை கான்காமேகஸ் சாலையில் காரில் போவது. 34.5 மைல், வழியில் காரை நிறுத்திப் பார்க்க நிறைய இடங்கள் உண்டு. பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது, கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே சில நிறுத்துமிடங்களில் நாளுக்கு 5 டாலர் பாஸ் கேட்பார்கள். எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' வருடாந்திர பாஸ் கையில் இருந்தால் அதுவே போதும்.

அக்டோபர் நடுவில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மலைக்கு நடுவில் இன்னும் சீக்கிரம் இருட்டும். மதியம் மூன்றுக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள். ஆளுக்கொரு ஹெட்லேம்ப், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பருத்திச் சட்டைக்குப் பதில் கம்பளி போட்டுவிடுங்கள்.