சிஏ 125 அளவு 68 என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 41 வயது. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் இருந்தது. அளவு 68 வந்திருக்கிறது. 35க்குள் இருக்க வேண்டுமாம். இணையத்தில் தேடினால் சினைப்பைப் புற்றுநோய் என்றே வருகிறது. மாதவிடாயின் இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தேன். சில வருடங்களாக அந்த நாட்களில் கடுமையான வயிற்றுவலியும் உண்டு. பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்: பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம். முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள். உங்கள் கேள்வியிலேயே இரண்டு முக்கியமான தடயங்கள் இருக்கின்றன: ரத்தம் கொடுத்த நாள், அந்த வலி.

சிஏ 125 புற்றுநோய் மட்டுமே சுரக்கும் புரதம் அல்ல. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு, நுரையீரலின் உறை, கருக்குழாய், கருப்பையின் உட்சுவர் எல்லாமே இதைச் சுரக்கின்றன. அங்கே எது உறுத்தினாலும் ரத்தத்தில் அளவு கூடும். மாதவிடாயே போதும். ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பம், இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் ஏறும். மாதவிடாய் நாட்களில் கடும் வலி என்று நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. இந்த நோயால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி' இருப்பவர்களுக்கு 68 ஒன்றும் அசாதாரணமான எண் அல்ல.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, எடை குறைந்து, சிஏ 125 நூற்றுக்கணக்கில் ஏறி, பார்க்கிறவர்களுக்கு முற்றிய சினைப்பைப் புற்றுநோய் போலவே தெரியும். திசுப் பரிசோதனை செய்து பார்த்தால் காசநோய். மாத்திரையிலேயே குணமாகிவிடும். எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் புற்றுநோய் என்று பெயர் சூட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆரம்பநிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு உயர்வதே இல்லை. அதனால் 20 என்று வந்தாலும் 'தப்பித்தோம்' என்று இருந்துவிட முடியாது. பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான, மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வருடந்தோறும் சிஏ 125 பார்த்தார்கள். நோயைச் சற்று முன்னதாகவே கண்டுபிடிக்கவும் முடிந்தது. ஆனால் 2021இல் வந்த முடிவுப்படி, அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்கு இதைப் பரிசோதனைப் பேக்கேஜில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு எண்ணால் எத்தனை பேர் தூக்கம் இழக்கிறார்கள்!

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு? நோய் உறுதியானவருக்கு இது மிகவும் உதவும். சிகிச்சைக்கு முன் 900 இருந்தது கீமோவுக்குப் பின் 30க்கு இறங்கினால், மருந்து வேலை செய்கிறது என்று புரியும். புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் மற்ற புரதங்களும் ஏறக்குறைய இப்படித்தான், வேறு காரணங்களாலும் ஏறும். குடல் புற்றுநோயில் பார்க்கும் சிஇஏ, புகைபிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். புராஸ்டேட் புற்றுநோயில் பார்க்கும் பிஎஸ்ஏ, வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலே ஏறும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாதவிடாய் முடிந்த பின் ஸ்கேன் எடுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் சினைப்பை தெளிவாகத் தெரியும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, மாதவிடாய் இல்லாத நாளில், அதே லேபில் சிஏ 125ஐ மறுபடி பாருங்கள். ஸ்கேனில் தெரிவது, உங்கள் வயது, இந்த அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுப்பார். அம்மா, சித்தி, அக்கா என்று நெருங்கிய உறவில் யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறைக் கண்டறியும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அதை வைத்துத்தான் யோசிப்பார்.

வயிறு உப்பியே இருப்பது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவை புதிதாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரமாக ஏறக்குறைய தினமும் இருந்தால் மட்டும் அந்த ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.