பேஸ் வாசிக்க எந்தச் சின்தசைசர்?

கேள்வி: மல்லாவியில் ஐந்து பேர் சேர்ந்து இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறோம். கோயில் திருவிழா, கலியாணவீடு, பிறந்தநாள் என்று மாதத்தில் இரண்டு மூன்று மேடை கிடைக்கும். பேஸ் கிற்றார் வாசித்தவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்குச் சின்ன அனலொக் சின்தசைசர் (மின்சுற்றாலேயே சத்தம் உண்டாக்கும் பெட்டி) ஒன்று வாங்க நினைக்கிறோம். கனடாவில் இருந்து வரும் சித்தியிடம் சொல்லிக் கொண்டுவரலாம். கோர்க் வோல்கா பேஸா, பெரிஞ்சர் டிடி-3யா? வாங்கிய பிறகு உள்ளே கழற்றி மொட் செய்தால், அதாவது சுற்றை மாற்றினால், சத்தம் இன்னும் தடிக்கும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: தம்பி, இரண்டும் நல்ல பெட்டிகள்தான். ஆனால் உங்கள் மேடைக்கு இரண்டையும் அப்படியே வைத்து ஒப்பேற்ற முடியாது.

டிடி-3 என்பது ரோலண்ட் டிபி-303இன் நகல். அந்த மூலப் பெட்டியை 1981இல் ரோலண்ட் வெளியிட்டதே பேஸ் கிற்றார்காரர் இல்லாமல் தவிப்பவர்களுக்காகத்தான். உங்களை நினைத்தே செய்தது மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அது விலைப்படவில்லை. ஏறக்குறைய 10,000 பெட்டிகளோடு 1984இல் நிறுத்திவிட்டார்கள். சுரங்களை ஒவ்வொன்றாக முதலே பதிந்துவைத்து ஓடவிட வேண்டிய பெட்டி அது. பாடகர் உற்சாகத்தில் பல்லவியை இன்னொரு தரம் எடுத்தால் அதற்குத் தெரியாது, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிற்பாடு சிக்காகோ இளைஞர்கள் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகிப் புது இசையே உண்டாக்கினார்கள். அவர்களுக்கும் முன்னால், 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் இராகங்களை அந்தப் பெட்டியில் ஏற்றிப் பதிவு செய்துவிட்டார். அறையில் இருந்து இசை அமைக்கிறவருக்கு அது பொக்கிஷம். மேடையில் ட்ரம்ஸ்காரரின் கையைப் பார்த்து வாசிக்கிற உங்களுக்கு அல்ல.

வோல்கா பேஸும் இதே இனம்தான். சத்தத்தை உண்டாக்கும் சுற்று, அதாவது ஒசிலேற்றர், மூன்று இருப்பதால் சத்தம் டிடி-3ஐ விடத் தடிப்பு. ஆனால் ஒரு சாண்கூட வராத அகலத்தில், கீ என்று இருப்பது விரலால் தொடும் தகடு. திருவிழா இரவில் வியர்த்த விரலோடு அதில் பாட்டுக்குப் பாட்டு பேஸ் வாசிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆகவே உங்களுக்குக் கீ உள்ள பெட்டி வேண்டும். கோர்க் மொனோலோக், ஆர்டூரியா மைக்ரோபுரூட் இரண்டிலும் 25 சின்னக் கீகள் இருக்கின்றன. பேஸுக்கு அது காணும். மொனோலோக் ஆறு ஏஏ பற்றரியிலும் ஓடும் என்பதால் என் கை அந்தப் பக்கம்தான் போகும். காசு போதாவிட்டால் வோல்காவை வாங்கி, குழுவில் இருக்கிற கீபோர்ட்டோடு மிடி கேபிளால் (எந்தக் கீயை அமுக்கினோம் என்று சொல்லும் கேபிள்) இணைக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வோல்காவில் இருப்பது ஐந்து ஊசி வட்ட மிடி இன். உங்கள் கீபோர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: அதே வட்டத் துளை, 'மிடி அவுட்' என்ற எழுத்தோடு இருந்தால் சரி. யூஎஸ்பி மட்டும் இருந்தால் நேரே கொழுவ முடியாது. நடுவில் கணினியோ, அதற்கென்றே விற்கும் இன்னொரு பெட்டியோ வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். இணைத்த பிறகு, கீபோர்ட்டை இடக்கை வலக்கை என்று பிரித்து, இடக்கை அனுப்பும் சனலை மட்டும் வோல்கா கேட்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் வலக்கையால் பல சுரங்களை ஒன்றாகப் பிடிக்கும் கோர்டெல்லாம் பேஸுக்குள் வந்து குழம்பும்.

சித்தி கொண்டுவருவது நல்லதுதான். ஆனால் கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அடப்டரின் முதுகில் '100-240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '120' மட்டும் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். இங்கே வேறு அடப்டர் வாங்கும்போது துருவத்தையும் பாருங்கள். வோல்காவுக்கு 9 வோல்ற், நடு ஊசி நேர். கிற்றார் பெடல்களுக்கும் 9 வோல்ற்தான், ஆனால் பெரும்பாலும் நடு ஊசி மறை. இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ளே போகும்! மேடை இருட்டில் ஒருநாள் பெடல் அடப்டரை மாற்றிக் கொழுவி ஒரு சிநேகிதனின் பெட்டியைக் கருக்கியவன் நான். அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. உங்கள் அடப்டருக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

இனி மொட். சத்தத்தைத் தடிக்க வைக்கலாம் என்பது பொய்யல்ல. சுற்றின் வழியில் சத்தத்தைக் கடத்திவிடும் கப்பாசிற்றர்கள் சின்னதாக இருந்தால் கீழ்ச் சத்தம் கொஞ்சம் வெட்டுப்படும். இரட்டிப்புப் பெறுமதி போட்டால் வெட்டு விழும் இடம் பாதி ஹேர்ட்ஸுக்கு இறங்கும். அவ்வளவுதான் அதில் உள்ள மந்திரம். ஆனால் பேஸ் கிற்றாரின் அடி நரம்பு 41 ஹேர்ட்ஸ். நீங்கள் பாவிக்கும் ஸ்பீக்கர் அதற்கு இறங்குமா? எட்டு அங்குலப் பெட்டி என்றால் கஷ்டம். ஸ்பீக்கர் தராததை எந்தக் கப்பாசிற்றராலும் தரமுடியாது. ஃபில்டர் என்பது சத்தத்தின் மேல் பகுதியை வெட்டும் சுற்று; வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டுவது ரெசனன்ஸ் குமிழ். அதை ஏற்ற ஏற்றக் கீழ்ச் சத்தம் மெலிவதும் பல ஃபில்டர்களின் குணம். முதலில் அதைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்களுக்குத் தேவையான மொட் ஒரு கேபிள்தான். வோல்காவின் வெளியீடு 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் துளை. இடம் வலம் இரண்டிலும் ஒரே சத்தம் வரும். அதை ஸ்டீரியோ முனையுள்ள கேபிளால் மிக்சரின் பலன்ஸ்ட் துளையில் செருகினால், மிக்சர் ஒன்றில் இருந்து மற்றதைக் கழிக்கும். இரண்டும் ஒன்று என்பதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். இரண்டாகப் பிரியும் கேபிள் வாங்கி, ஒரு முனையை மட்டும் மிக்சரில் செருகுங்கள். கேபிளைப் பெட்டியின் உடம்போடு ஒரு கட்டுப் போட்டு வைத்தால், யாராவது கால் தடக்கினாலும் துளையின் சோல்டர் வெடிக்காது.

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த இடம் முள்ளியவளை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். மாமா தந்த கோர்க் மொனோட்ரோன் ஒன்று இருக்கிறது. விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் உள்ளே உண்மையான அனலொக் என்கிறார்கள். இதில் பேஸ் செய்யலாமா? கழற்றலாமா?

பதில்: தங்கச்சி, கழற்றிப் பழக இதைவிட நல்ல பெட்டி கிடையாது. 2010இல் வந்தது. இதன் சுற்றுப்படத்தைக் கோர்க் நிறுவனமே வெளியிட்டது. பலகையிலும் கேட், பிட்ச், கட்ஓஃப் என்று சோல்டர் வைக்கும் முனைகளுக்குப் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். 'வந்து கையை வை' என்று கூப்பிடுவது போல! ஃபில்டர் 1978இல் வந்த கோர்க்கின் எம்எஸ்-20 சின்தசைசரின் வழி வந்தது.

சோல்டரைத் தொடமுதல் ஒன்று செய்யுங்கள். அதில் வெளிச் சத்தத்தை உள்ளே விடும் 'ஓக்ஸ் இன்' துளை இருக்கிறது. ஒரு கீபோர்ட்டில் பேஸ் ஒலியை எடுத்து, அதை அந்தத் துளைக்குள் விட்டு, ஃபில்டர் எங்கே வெட்டவேண்டும் என்று வைக்கும் கட்ஓஃப் குமிழை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளாஸ்ரிக் மாதிரி இருந்த சத்தம் ஈரமாகி, உறுமி, அடங்கும். கீபோர்ட் சுருதியைப் பார்த்துக்கொள்ளும், மொனோட்ரோன் குணத்தைக் கொடுக்கும். விரலால் தொட்டு வாசிக்கும் அதன் சொந்த ரிப்பன் பட்டையில் சுருதி பிடித்து வாசிப்பது தண்ணீரில் கோடு போடுகிற வேலை.

பிறகு கழற்றுங்கள். 25 வோட், ஊசிமுனை சோல்டரிங் அயன் காணும். மோட்டர் திருத்துகிற கடையின் தடித்த அயனை வைத்தால் செம்புத் தகடு பலகையை விட்டு உரிந்து வரும், பிறகு ஒட்டாது. வயருக்குப் பழைய கணினியின் ரிப்பன் கேபிளை உரித்து எடுங்கள், மெல்லியது, வளையும். ஒவ்வொரு முனையிலும் வெளியில் இருந்து வோல்ற் கொடுக்கமுதல், பெட்டி வாசிக்கும்போது அங்கே எவ்வளவு வருகிறது என்று மீற்றரால் அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவைத் தாண்டாதீர்கள். இரண்டு சின்ன பற்றரியில் ஓடும் பெட்டிக்கு 9 வோல்ற் என்பது இடி. கேபிள் செருகும் துளைகளும் கப்பாசிற்றர்களும் இங்கே கிடைக்காவிட்டால், கொழும்புக்குப் போகிறவரிடம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுத்துவரச் சொல்லலாம்.

இரைச்சல் இருக்கும். அது இந்தப் பெட்டியோடு கூடப் பிறந்தது.

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் வோல்கா பேஸ் இருக்கிறது. வீட்டில் நல்ல சத்தம். கோயில் மேடையில் ஜெனரேற்றரில் ஓடும்போது 'ம்ம்ம்' என்று இரைகிறது. சில சுரங்களில் சத்தம் அலை அலையாக ஆடுகிறது. ஷீல்டிங் மொட் (வெளி இரைச்சல் புகாமல் உள்ளே மறைப்பது) செய்யவேண்டும் என்று ஒருவர் காசு கேட்கிறார்.

பதில்: காசைக் கொடுக்காதீர்கள். அடப்டரைக் கழற்றி, ஆறு ஏஏ பற்றரி போட்டு அதே மேடையில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் பெட்டியில் குற்றமில்லை, அடப்டர் வழியாகவோ எர்த் வளையம் (எர்த் இரண்டு வழியில் இணைவது) வழியாகவோ வருகிறது. பற்றரியிலேயே வாசித்துவிட்டுப் போகலாம், அல்லது எர்த் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பொக்ஸ் என்ற சின்னப் பெட்டியை வோல்காவுக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கலாம். பிளக்கின் எர்த் ஊசியை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம். அது உயிரோடு விளையாட்டு.

அலை ஆடுவதற்கு வேறு கதை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேஸின் கீழ் 'ஜி' சுரம் 49 ஹேர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், இரண்டு நாதஸ்வரம் சுருதி சேராமல் ஒலிப்பது மாதிரி. ஜெனரேற்றர் சரியாக 50இல் நிற்காததால் ஆட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். இரைச்சல் போனால் ஆட்டமும் போய்விடும்.

கேள்வி: வவுனியாவில் ஒருவர் 'மொட் செய்த டிடி-3' என்று புதுப் பெட்டியை விடக் கூட விலைக்கு விற்கிறார். வாங்கலாமா? வெளிநாட்டில் இருந்து நேரே எடுப்பது நல்லதா?

பதில்: 303க்கு மொட் செய்வதில் பேர்போனது, அவுஸ்திரேலியாவின் ரொபின் விற்றில் 1993இல் தொடங்கிய டெவில் ஃபிஷ். அந்தப் பாணிக் குமிழ்களைத் தொழிற்சாலையிலேயே பூட்டி, டிடி-3-எம்ஓ என்று பெரிஞ்சர் விற்கிறது. அப்படி இருக்க, யாரோ வீட்டில் துளைத்த பெட்டிக்கு ஏன் கூடக் கொடுக்கவேண்டும்? மொட் செய்த பெட்டிக்கு உத்தரவாதமும் போயிருக்கும். விலை குறையத்தான் வேண்டும்.

நேரே எடுப்பதென்றால், பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் சுங்கம் கணக்குப் பார்க்கும். அதன்மேல் பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் இருந்து 18%. இங்குள்ள கடை ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். வெளிநாட்டு விற்பனையாளரை அவர்கள் தேடிப் போகமாட்டார்கள்.

வவுனியாக்காரரிடம் போவதென்றால் ஒரு ஸ்க்ரூட்ரைவரைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போங்கள். பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வாருங்கள். காட்டினால், வயர்கள் தொங்குகின்றனவா, சோல்டர் பளபளப்பாக இருக்கிறதா, மங்கிக் கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடி, ஒவ்வொரு குமிழையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே திருகுங்கள். கரகரத்தால் ஒவ்வொரு கரகரப்புக்கும் விலையைக் குறையுங்கள்.