நகரத்தின் நடுவே இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தைப் பசுமை வளாகமாக்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

சோலார், மரக்கன்று என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். நான் அதிகாலை 3 மணி மீட்டரைப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு வளாகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் சில வருடம் இருந்தேன். ஒரு விடுமுறை நாளில், ஈ காக்கை இல்லாத அந்த நேரத்தில், கட்டடம் கட்டடமாகப் போய் மீட்டரைக் குறித்தோம். சில கட்டடங்களில் பகலில் ஓடுவதில் பாதிக்கு மேல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. என்றோ நடந்த மாலை வகுப்புக்காக யாரோ ஏசி நேரத்தை நீட்டித்திருக்கிறார். வகுப்பு நின்று பல பருவம் ஆகிவிட்டது, ஏசிக்கு யாரும் சொல்லவில்லை!

சோலாரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நகர வளாகத்தில் பத்து மாடிக்கும் ஒரே மொட்டை மாடிதான். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, கூலிங் டவர் போக மிஞ்சும் இடத்தில் கிடைக்கும் மின்சாரம் கீழே இருக்கும் ஆய்வகங்களுக்குக் காணாது.

ஆய்வகம்தான் பெரிய தீனிக்காரன். அங்கே ரசாயனப் புகையை வெளியே இழுக்கும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டிக்கு ஃப்யூம் ஹூட் என்று பெயர். அது இழுக்கும் காற்றை மறுபடி உள்ளே விட முடியாது. அவ்வளவு செலவு செய்து குளிரவைத்ததோ சூடாக்கியதோ நேராக வெளியே போகிறது. அமெரிக்காவில் ஒரே ஹூட்டின் ஆற்றல் செலவு மூன்று வீடுகளுக்கு மேல் என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஹார்வர்டில் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கி வைப்பதற்கென்றே போட்டி நடத்தினார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆராய்ச்சி மாணவர்களும் சொன்னபடி மூடினார்கள், மீட்டர் மட்டும் அசையவில்லை. எங்களுடையது கதவு எப்படி இருந்தாலும் ஒரே அளவு காற்றை இழுக்கும் பழைய வகை. கதவு இறங்க இறங்கக் காற்றைக் குறைக்கும் வகையில்தான் மிச்சம் வரும். இதை முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும்.

ஆய்வு மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மைனஸ் 70-க்கு மாற்றினால் சுமார் 30 சதவீதம் மின்சாரம் குறையும். ஆனால் பேராசிரியர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். மாதிரி கெட்டால் அவர் தலையில் விடியும், கரண்ட் பில் அவர் துறைக்கு வருவதே இல்லை. பில்லைத் துறைவாரியாகப் பிரித்துக் காட்டாதவரை சுற்றறிக்கை எதுவும் எடுபடாது.

டைம்டேபிள் போடுகிறவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஐந்து கட்டடத்தில் சிதறிக் கிடக்கும் மாலை வகுப்புகளை ஒன்றில் சேர்த்தால் நான்கு கட்டடத்தின் ஏசியை நிறுத்தலாம். புதுக் கட்டடம் கேட்டு வரும் துறையிடம், இருக்கிற அறைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் காலி என்றும் கேளுங்கள்.

கட்டடங்களுக்கு வெப்பத்தையோ குளிரையோ கொண்டுபோகும் குழாயை மண்ணுக்கடியில் மாற்றுவதென்றால் அது வேறு கதை. 2015-ல் ஸ்டான்ஃபோர்டு நீராவிக் குழாய்களை விட்டுவிட்டு, குளிரூட்டும்போது வெளியேறும் வெப்பத்தைக் கொண்டே வெந்நீர் தயாரிக்கும் முறைக்கு மாறியது. அதைப் பார்த்து ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் இடநெருக்கடியுள்ள வளாகத்தில் தோண்டும் வாய்ப்பு அடிக்கடி வராது. சாக்கடைக்கோ கேபிளுக்கோ எப்போது தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதே பள்ளத்தில் நுழையப் பாருங்கள்.

கட்டடவாரியாக மணிக்கணக்கு மின் அளவு கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். வளாகம் முழுவதற்கும் ஒரே மீட்டர்தான் என்று பதில் வந்தால், முதல் செலவு துணை மீட்டர்களுக்கு.