வீட்டு நிலத்தில் விஷப் பாம்பு வந்தால் சுட எந்தத் தோட்டா சரி?

ஊருக்கு வெளியே நிலம், விஷப் பாம்பு அடிக்கடி கண்ணில் படுகிறது, உரிமத்தோடு துப்பாக்கியும் இருக்கிறது, எதைப் போட்டு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றைக் குண்டு வேண்டவே வேண்டாம். பொடி ரவை, அதாவது சின்னச் சின்ன உலோக உருண்டைகள், அடைத்த தோட்டாதான் சரி. பாம்பின் தலை உங்கள் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஒற்றைக் குண்டால் அடிப்பது எளிதில்லை. தவறிய குண்டு கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஒருமுறை அப்படிச் சுட்டு, குண்டு தெறித்துத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தது. பாம்பு அதுபாட்டுக்குப் போய்விட்டது.

ரவையிலும் எல்லாம் ஒன்றில்லை. நம்பர் கூடக் கூட ரவை பொடியாகும். .22 (.22, .38, .410 எல்லாம் அங்குலத்தில் குழலின் அளவு) ரவைத் தோட்டாவில் 12ஆம் நம்பர் ரவை, ஒவ்வொன்றும் சுமார் 1.3 மில்லிமீட்டர், மொத்தமே 2 கிராம் அளவுதான். எலிக்குப் போதும், தடித்த பாம்புக்கு மிக நெருக்கத்தில் மட்டும். .38 ரிவால்வருக்கு வரும் 9ஆம் நம்பர் ரவைத் தோட்டாவில் ஆறேழு கிராம் இருக்கும், பரவாயில்லை. என்னைக் கேட்டால் .410 ஷாட்கன்தான், ரவை சுடுவதற்கென்றே செய்த நீளத் துப்பாக்கி. இரண்டரை அங்குலத் தோட்டாவிலேயே 14 கிராம், 9ஆம் நம்பர் என்றால் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான ரவைகள். ஏழரை நம்பரும் நன்றாக வேலை செய்யும். அதைவிடப் பெரிய குழல் கொண்ட 12 போர் ஷாட்கன் தேவைக்கு மேல், ஆனால் கையில் அதுதான் இருக்கிறது என்றால் லேசான தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத ஒன்று: ரைஃபிள், கைத்துப்பாக்கிக் குழலுக்குள் குண்டைச் சுழற்ற வெட்டியிருக்கும் திருகு வரிகள், அதாவது புரி, ரவையையும் சேர்த்துச் சுழற்றி வெளியே வீசிவிடும். இதை நம்பாமல் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய கயிற்றை வளைத்து ஒட்டி, மூன்று மீட்டரிலிருந்து .22 ரவையால் சுட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வளையல் போலப் பொத்தல்கள், நடுவில் கயிற்றின் மேல் இரண்டே இரண்டு. அதே கயிறு இரண்டு மீட்டரில் நன்றாகவே சிதைந்தது. உங்கள் துப்பாக்கி எப்படி அடிக்கிறது என்று இப்படி ஒரு முறை பார்த்துவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ரவைத் தோட்டா பல நேரம் அடுத்ததை ஏற்றாது, நடுவில் சிக்கி நிற்கும். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கைத்துப்பாக்கி ரவை உருப்படியாக வேலை செய்வது இரண்டு மூன்று மீட்டருக்குள். பாம்பு பாய்ந்து கொத்துவது பெரும்பாலும் அதன் நீளத்தில் பாதி தூரத்துக்குள். அதாவது நீங்கள் சுடும் தூரத்தில் நிற்கிறீர்கள் என்றால், இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாலே தப்பிவிடலாம். அதனால்தான் நான் பத்தில் ஒன்பது முறை துப்பாக்கியை எடுப்பதே இல்லை. தோட்டத்துக் குழாயைத் தூரத்திலிருந்து பீய்ச்சினால் தானே நகர்ந்து போகும். போகாமல் வீட்டை ஒட்டியே சுருண்டு கிடந்தால், பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டுவிட்டு அவர் வரும்வரை கண்ணெடுக்காமல் நில்லுங்கள். எங்கே நுழைந்தது என்று தெரியாத பாம்புதான் தூக்கத்தைக் கெடுக்கும். இன்னொன்று, பல நாடுகளில் பாம்பைக் கொல்வதே குற்றம், உரிமம் இருப்பதால் சுடலாம் என்று ஆகாது. தோட்டா வாங்கும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.

சட்டம் இடம் கொடுத்து, நாய்க் கூண்டுக்குள்ளோ குழந்தை விளையாடும் இடத்திலோ வேறு வழியே இல்லாமல் சுட நேர்ந்தால், முதலில் நாயைக் கட்டுங்கள், பாம்புக்குப் பின்னால் சுவரோ கல்லோ இல்லாமல் மண் இருக்கிறதா என்று பாருங்கள், தலைக்குக் குறி வையுங்கள். அரைகுறையாக அடிபட்ட பாம்பு முழுப் பாம்பைவிட மோசம். செத்துவிட்டது என்று கையை நீட்டாதீர்கள், துண்டான தலைகூட ஒரு மணி நேரம் கழித்தும் கடிக்கும், விஷமும் இறங்கும். நீளக் காம்பு மண்வெட்டியால் தள்ளி எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.