புர்காவில் ஒரு பை

அன்புள்ள ஐயா,

மேலூர் வாக்குச்சாவடி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒரு பெண்ணின் ஹிஜாபை எதிர்த்துத் தகராறு செய்த பூத் ஏஜெண்டை வெளியே அனுப்பியது சரியே என்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் பிரான்ஸ் 2010இலேயே முகத்தை மூடும் உடைக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டது. உடன்கட்டையும் குழந்தைத் திருமணமும் சட்டம் வந்துதானே அடங்கின? பெண்ணடிமைத்தனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நீங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஏன் நழுவுகிறீர்கள்?

கே. எஸ்., திருமங்கலம்

அன்புள்ள கே. எஸ்.,

நழுவவில்லை. நீங்கள் காட்டிய உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். குழந்தைத் திருமணம் நடந்தால் போலீஸ் யாரைப் பிடிக்கிறது? மாப்பிள்ளையை, கட்டிவைத்த பெரியவர்களை. தாலி கட்டிக்கொண்ட சிறுமிக்கு யாரும் அபராதம் போடுவதில்லை. பிரெஞ்சுச் சட்டத்திலும் இரண்டு பாதி உண்டு. மிரட்டி முகத்தை மூடவைப்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் என்கிறது ஒரு பாதி. அதற்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன். மூடிக்கொண்டு தெருவில் நடந்தவளுக்கு 150 யூரோ வரை அபராதம் என்கிறது இன்னொரு பாதி. வீட்டில் அடிவாங்கி மூடிக்கொண்டவளும் வெளியே வந்தால் அதைக் கட்ட வேண்டும். இதில் அவளுக்கு என்ன விடுதலை?

ஈரானில் 1936இல் மன்னர் ரேசா ஷாவின் போலீஸ் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, தலையை மூடாதவளைப் பிடித்துக்கொண்டு போனது. 2022இல் அப்படிப் பிடிக்கப்பட்ட மாஹ்சா அமினி காவலில் இருந்தபோது இறந்தார். பாட்டியிடம் பிடுங்கியதைப் பேத்தியின் தலையில் கட்டினார்கள். இரண்டு தடவையும் அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

ஈரான் தூரம் என்றால் நம் ஊருக்கே வருவோம். கோயில்களுக்கு ஆடைக் கட்டுப்பாடு விதித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2015 நவம்பரில் உத்தரவிட்டது நினைவிருக்கிறதா? 2016 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்த வாரம் பெங்களூரிலிருந்து வந்த என் அக்காள் மகன், மீனாட்சியம்மன் கோயில் வாசலில் ஜீன்ஸுக்கு மேலேயே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பைக் கையால் பிடித்தபடி உள்ளே போனான். பிரகாரம் முழுக்க அந்தக் கை இறங்கவில்லை. சாமி கும்பிடக்கூட ஒரு கைதான். அம்மாதமே இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. நாம் சிரித்து மறந்தோம். அவன் இழந்தது ஒரு கும்பிடு மட்டும்.

கர்நாடகத்தின் உடுப்பியில் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்ட பெண்கள் இழந்தது வகுப்பை. சீருடைக்கு மேல் ஒரு முக்காடு, அவ்வளவுதான் விவகாரம். 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் வகுப்பில் ஹிஜாபுக்கு இருந்த தடையை ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் சுதான்ஷு துலியா, பெண்பிள்ளையின் படிப்புதான் தன் மனத்தில் முதலில் நின்றது என்று எழுதினார். எனக்கும் அதுதான்.

மதுரை நெல்பேட்டையில் என் சிறுவயதில் பாட்டிமார்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு கறி வாங்க வருவார்கள். கறுப்புப் புர்கா வளைகுடாப் பணத்தோடு பிறகு வந்தது. "இதைப் போடாவிட்டால் காலேஜ் கிடையாது" என்று தங்கையிடம் சொல்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள். இதை நான் பூசி மெழுக மாட்டேன், அவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் "இதைப் போட்டால் காலேஜ் கிடையாது" என்று அரசும் சொல்லிவிட்டால், அந்த அண்ணனுக்கு வேலை மிச்சம். அவள் வீட்டிலேயே இருப்பாள். (ஆள் அடையாளம் பார்க்க வேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். வாக்குச்சாவடியில் அதற்குப் பெண் அலுவலரை வைக்கிற ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது.)

போன மாதம் குன்னத்தூர் சத்திர வணிக வளாகத்தில், மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புது மண்டபத்திலிருந்து கடை மாறிவந்த தையல்கார பாய் ஒருவரிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் அழகர் திருவிழா வேஷத்துக்கான வெல்வெட் சல்லடங்கள் குவிந்து கிடந்தன. ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவோடு புர்கா தைக்கக் கொடுக்க வந்தாள். வலது பக்கம் பை வேண்டும், செல்போனும் பஸ் பாஸும் போடுகிற ஆழத்துக்கு வேண்டும் என்றாள். "துணி தொங்கிப்போகும், அசிங்கமாக இருக்கும்" என்றார் அம்மா. "பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் எத்தனை சாமானைப் பிடிப்பது?" என்றாள் மகள். பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் செல்போனைத் துணியின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். பைக்கு நாற்பது ரூபாய் கூடுதல் என்றார். அதுவரை வேண்டாம் என்ற அம்மாவே பேரம் பேசி முப்பதுக்கு முடித்தார்.