அரிவாளை முக்கிப் பார்த்தீர்களா?

கேள்வி: கொல்லிமலையில் ஒன்றரை ஏக்கர் மிளகு வைத்திருக்கிறேன். வாடல் நோய்க்குப் பயந்து, மழைக்கு முன்னால் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடித்தேன். மூன்றாம் நாளே தளிரெல்லாம் கருகிவிட்டது. கலக்கிய தகர வாளியும் ஓட்டை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மட்டமான சரக்கா? கருகலுக்கு டானிக் அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா ஐயா?

பதில்: டானிக் வேண்டாம். கருகிய இலை எந்த மருந்துக்கும் திரும்பாது, புதுத் தளிர் தானாக வரும். மயில்துத்தத்தையும் சந்தேகப்படாதீர்கள். வாளியின் அடியைச் சுரண்டிப் பாருங்கள், செம்பழுப்பாகப் பொடி இருக்கும். அது உங்கள் மருந்திலிருந்த செம்பு. தகரத்தின் மேல்பூச்சு துத்தநாகம். மயில்துத்தக் கரைசல் பட்டால் துத்தநாகம் கரைந்துபோகும், செம்பு வெளியே வந்து படியும். பூச்சு தீர்ந்ததும் இரும்புக்கும் அதே கதிதான். நோயைத் தடுக்க வேண்டிய செம்பை வாளி தின்றுவிட்டது. பிளாஸ்டிக் டிரம், மண்பானை இரண்டில் எதுவானாலும் சரி.

ஆனால் இலையைக் கருக்கியது வாளி இல்லை. சுண்ணாம்பு எப்போது வாங்கியது என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

மயில்துத்தக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. அதை முறிப்பது சுண்ணாம்பின் காரம். தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கிடந்தால் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வெறும் சாக்கட்டித் தூளாகிவிடும். எடை குறையாது, காரம் போய்விடும். சாக்கில் மாதக்கணக்காகக் கிடக்கும் வெள்ளையடிக்கிற தூளை மருந்துக்கென்று விற்கிறார்களே, அது விவசாயியின் வயிற்றில் அடிக்கிற வேலை. அந்தத் தூளில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது செத்த சுண்ணாம்பு.

சுட்ட கல் சுண்ணாம்பாக வாங்கி நீங்களே நீற்றுங்கள். தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று சூடேறி, கல் வெடித்து மாவாக உதிர வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறித்தால் கண் போய்விடும். ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்புப் பாலாக்கி வடிகட்டுங்கள். ஒரு கிலோ மயில்துத்தத்தை இன்னொரு 50 லிட்டரில் கரைத்து, அதைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் துகள் பருத்து அடியில் தங்கிவிடும்.

அப்புறம் அரிவாள். கலவை அடிக்கிற தோட்டத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது அதைத்தான். துருவைத் தேய்த்து நீக்கிய அரிவாளை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். வாளிக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்: முறியாத செம்பு மிச்சமிருந்தால் இரும்பின் மேல் செந்நிறமாக ஒட்டும். அப்படி ஒட்டினால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். மறுபடி முக்கும்போது அரிவாள் செந்நிறம் ஒட்டாமல் இரும்பு நிறத்திலேயே வர வேண்டும். அந்தக் கலவையை அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள், வேறு பூச்சிமருந்து கலக்காதீர்கள்.

இப்போதைக்குத் தோட்டம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டாம். இப்படிக் கலந்ததை இரண்டு கொடியில் மட்டும் அடித்து மூன்று நாள் பாருங்கள். தளிர் நின்றால் மற்றவற்றுக்கும் அடியுங்கள்.